அந்நியப் பல்லியினமும் வாயுத்துப்பாக்கியும்
கமக்காரருக்கான அவதானிப்புப் பாடம்

பயிர்ச்செய்கை நடைபெறும் நிலங்களிற் காணப்படும் பிராணிகள் இருவகைப்படும். ஒரு வகையின, அந்நிலத்திலேயே தோன்றி, அங்குள்ள பிற உயிர்களோடு நெடுங்காலம் வாழ்ந்து வருவன. மற்றைய வகையின, மனிதனாற் கடல் கடந்து கொண்டுவரப்பட்டுப் புதிய நிலத்தில் விடப்பட்டவை. முதல் வகையின் பெருக்கத்தைப் பருந்து, பாம்பு, ஆந்தை முதலிய இயற்கைப் பகைகள் மட்டுப்படுத்தும். இரண்டாம் வகைக்கு அத்தகைய பகை புதிய நிலத்தில் அரிதாகவே அமையும். ஆகவே, வயலிலோ தோட்டத்திலோ ஒரு பிராணியைக் கண்டவுடன் கமக்காரர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இதனை எவ்வாறு கொல்வது?" என்பதன்று. "இது யாது? எங்கிருந்து வந்தது? எதனை உண்கிறது?" என்பனவே முதலிற் கேட்கத்தக்கவை.

இக்கேள்விகளைக் காலத்திற் கேளாது விட்ட இரு நாடுகள் பின்னர் துப்பாக்கியைத் தூக்க நேர்ந்தது. ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் புளோரிடா மாநிலம். மற்றையது கரிபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவு. இரு இடங்களிலும் தொல்லை விளைத்த பிராணி பச்சை இகுவானா எனப்படும் பெரும் பல்லியினமே. அங்கு நிகழ்ந்தவற்றையும், அவற்றிலிருந்து இலங்கைக் கமக்காரர் கொள்ளத்தக்க பாடத்தையும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

1. பச்சை இகுவானாவின் இயல்புகள்

மத்திய அமெரிக்காவும், தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளும், கரிபியன் தீவுகள் சிலவும் இதன் தாயகம். முதிர்ந்த ஆண் ஐந்து அடிக்கு மேல் நீண்டு, 17 இறாத்தல் வரை நிறை கொள்ளும். பெட்டை பெரும்பாலும் 7 இறாத்தலுக்கு மேற்படாது. நீளத்திற் பெரும்பகுதி வாலேயாகும்.

இதனை இனங்காண உதவும் அடையாளங்கள் வருமாறு:

(அ) கழுத்திலிருந்து முதுகு வழியே வாலை நோக்கிச் செல்லும் முள் வரிசை.
(ஆ) கழுத்தின் கீழ்த் தொங்கும் அகன்ற தோல் மடிப்பு.
(இ) செவிக்குக் கீழே, கன்னத்தில், நாணயம் போன்று வட்டமாகத் தோன்றும் ஒரு பெரிய செதில்.
(ஈ) வாலைச் சுற்றிய கருநிறப் பட்டைகள்.

நிறத்தை மட்டும் கொண்டு இதனை அறிதல் இயலாது. குஞ்சு பசும்புல்லின் நிறமாயிருக்கும். முதிர்ந்தவை சாம்பல் நிறமாகவும் கபில நிறமாகவும் மாறும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உடலிற் செம்மஞ்சள் நிறம் படரும்.

முதிர்ந்த இகுவானா பெரும்பாலும் இலை, தளிர், பூ, பழம் என்பவற்றையே உண்ணும். மரமேறுதலில் வல்லது, நன்னீரிலும் உவர்நீரிலும் நீந்தும், நீருக்குள் நான்கு மணி நேரம் வரை மூழ்கியிருக்கவும் வல்லது. பெட்டை மண்ணில் ஆழமாக வளை தோண்டி, ஒரு தடவையில் 14 முதல் 76 வரையான முட்டைகளை இடும். பல பெட்டைகள் தோண்டும் வளைகள் ஒன்றோடொன்று இணைந்து 80 அடி வரை நீள்வதுமுண்டு.

2. புளோரிடாவிற் பரவிய விதம்

பச்சை இகுவானா புளோரிடாவுக்குத் தானாக வந்ததன்று. வளர்ப்புப் பிராணியாக வாங்கப்பட்ட குஞ்சுகள் பெரிதாய் வளர்ந்தபோது, பேண முடியாதவர்கள் அவற்றை வெளியே விட்டனர். வேறு சில கூட்டிலிருந்து தப்பின. 1960ஆம் ஆண்டுகளில் மியாமி நகரை அடுத்த இடங்களில் இவை முதன்முதலாகக் காணப்பட்டன. அக்காலத்தில் அவை வேடிக்கைப் பொருளாகவே கருதப்பட்டன. நகரங்களிடையே வெட்டப்பட்ட கால்வாய்கள் அவற்றுக்குப் பாதையாயின. கால்வாய்க் கரைகள் முட்டையிடும் இடங்களாயின. வீட்டுத் தோட்டங்கள் உணவளித்தன.

பெருக்கத்தின் வேகத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு பெட்டை இடும் முட்டைகளில் நான்கு குஞ்சுகள் மட்டுமே பிழைத்து முதிர்கின்றன என்றும், அவற்றுள் இரண்டு பெட்டை என்றும் உதாரணத்துக்குக் கொள்க. தாயோடு பெட்டைகள் மூன்றாகும். அவை ஒவ்வொன்றும் அவ்வாறே பெருக்கின் ஒன்பதாகும், பின்னர் இருபத்தேழாகும். அந்நிலையிற் பதின்மூன்றைச் சுட்டு வீழ்த்தினாலும், எஞ்சிய பதினான்கும் அடுத்த தலைமுறையில் நாற்பத்திரண்டாகிவிடும். முதலில் வந்த ஒன்றைப் பிடித்திருப்பின் ஒரு நாள் வேலையோடு முடிந்திருக்கும். நகத்தாற் கிள்ளவேண்டியதை விட்டுவிட்டுப் பின்னர் கோடரி தேடும் நிலை இதுவே.

இயற்கை ஒரு தடவை துணை செய்தது. 2010ஆம் ஆண்டு சனவரியில் புளோரிடாவிற் பல நாள் நீடித்த கடுங்குளிர் ஏற்பட்டது. ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே பேண இயலாதவை. ஆதலின் இகுவானாக்கள் விறைத்து மரங்களிலிருந்து விழுந்தன. மிகப் பல மடிந்தன. எனினும் வளைகளிலும் நீரோரங்களிலும் தப்பியவை சில ஆண்டுகளில் மீண்டும் பெருகின.

3. விளைந்த சேதம்

சேதம் மூவகைப்பட்டது. முதலாவது, பயிருக்கு விளைந்த சேதம். செவ்வரத்தை, ரோசா முதலிய பூஞ்செடிகளையும், கீரை வகைகளையும், பூசணி, வத்தகை ஆகியவற்றையும் இவை விரும்பி உண்டன.

இரண்டாவது, மண்ணணைகளுக்கு விளைந்த சேதம். வளைகளாற் கால்வாய்க் கரைகள் உள்ளீடற்றுச் சரிந்தன. நடைபாதைகளும் நீரோரத் தடுப்புச் சுவர்களும் இடிந்தன. வெஸ்ட் பாம் பீச் நகரத்தில், இகுவானா வளைகளாற் பழுதுற்ற நீர்த்தடுப்பு அணையொன்றைத் திருத்த ஏறத்தாழ 18 இலட்சம் டொலர் செலவாயிற்று என 2020ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. குளக்கட்டையும் வாய்க்கால் வரம்பையும் நம்பி வாழும் நெற்செய்கையாளர் இச்சேதத்தின் தன்மையை எளிதில் உணர்வர்.

மூன்றாவது, அந்நிலத்துக்குரிய பிற உயிர்களுக்கு விளைந்த சேதம். அங்கு நிலத்தில் வளை தோண்டி வாழும் சிறிய ஆந்தை ஒன்றுண்டு. அவ்வாந்தையின் வளைகளுள்ளும் இகுவானாக்கள் புகுந்தன. அருகிவரும் ஒரு நீல வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவான செடியையும் அவை தின்றன.

4. வாயுத்துப்பாக்கி வேட்டை

புளோரிடாவிற் பச்சை இகுவானாவைக் கொல்வதற்கு நில உரிமையாளரின் சம்மதமே போதுமானது. ஆயினும் பிராணிவதைத் தடைச்சட்டம் இதற்கும் பொருந்தும். வீடுகள் நெருங்கிய இடங்களில் வெடிமருந்துத் துப்பாக்கியின் ஓசையும், அதன் குண்டு செல்லும் தூரமும் ஆபத்தானவை. ஆகவே, அமுக்கிய காற்றினாற் சிறு ஈயச் சன்னத்தைச் செலுத்தும் வாயுத்துப்பாக்கி அங்கு பெரிதும் உபயோகிக்கப்படுகின்றது.

இவ்வேட்டையிற் சுடுதல் ஒரு நொடிச் செயல். அவதானித்தல் பல மணி நேரச் செயல். தேர்ந்த வேட்டைக்காரர் முதலிற் கையிலெடுப்பது தொலைநோக்கியையே. காலையில் வெயில் ஏறும்போது இகுவானாக்கள் உடலைச் சூடேற்றுவதற்காகச் சூரியனை நோக்கிய கரைகளிலும், நீரின் மேற் சாய்ந்த கிளைகளிலும் வந்து படுக்கும். அவ்வேளையில் ஒரே கால்வாயிற் பாம்புத்தாராவும், கொக்குகளும், நீராமைகளும், முதலையினத்தைச் சேர்ந்த அலிகேற்றரும் காணப்படும். மரங்களில் வேறு பச்சை நிறப் பல்லிகளும் உண்டு. அவற்றுட் சிறிய ஒன்று புளோரிடாவுக்கே உரியது. சற்றுப் பெரியதாகிய வேறொன்று இகுவானாக் குஞ்சு போலவே தோற்றமளிப்பது. கன்னச் செதிலையும் வாற் பட்டையையும் கண்டு உறுதி செய்யாமல் விசையைத் தொடுதல் தகாது.

இகுவானாவின் மூளை மிகச் சிறியது. சன்னம் அங்கு பட்டாலன்றி அது உடனே இறவாது. உடலிற் காயமுற்றது நீருட் பாய்ந்து வளையில் ஒளிந்து, நெடுநேரம் வருந்தி மடியும். எனவே அண்மித்துச் சென்று, பிராணி அசையாது இருக்கும்போது, தெளிவாகத் தெரியும் தலையைக் குறிவைத்தல் வேண்டும். அவ்வாறு இயலாதவிடத்துச் சுடாது திரும்புதலே முறை.

அன்றியும், வாயுத்துப்பாக்கியை விளையாட்டுப் பொருளாக எண்ணுதல் பெருந்தவறு. சன்னம் நீரின் மேற்பரப்பிலும் கல்லிலும் பட்டுத் திசைமாறித் தெறிக்கும். 2019ஆம் ஆண்டில், புளோரிடாவின் போக்கா ரட்டோன் நகரத்தில், இகுவானா வேட்டையின்போது தவறிய சன்னமொன்று, அருகில் நீச்சற்றடாகம் துப்புரவு செய்துகொண்டிருந்த தொழிலாளியின் காலிற் பாய்ந்தது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறியாதவன் சுடுதற்கு உரியவனல்லன்.

இகுவானா சல்மனெல்லா என்னும் நோய்க்கிருமியையும் காவக்கூடியது. ஆதலின் அதனைத் தொட்டவர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் அவசியம்.

துப்பாக்கியால் மட்டும் தொல்லை தீராது என்பதைப் புளோரிடா அரசும் கண்டது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆந் தேதி பச்சை இகுவானா அம்மாநிலத்தின் தடைசெய்யப்பட்ட பிராணிகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வெளியே சுடுவதோடு நில்லாது, கடையில் விற்கும் வாயிலையும் அடைத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

5. கிராண்ட் கேமன் தீவின் அனுபவம்

கிராண்ட் கேமன் 76 சதுர மைல் பரப்புடைய சிறு தீவு. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட பச்சை இகுவானா அங்கும் பெருகியது. 2018ஆம் ஆண்டில் அதன் தொகை ஏறத்தாழ 13 இலட்சம் என மதிக்கப்பட்டது. சதுர மைல் ஒன்றுக்கு ஏறத்தாழ 17,000 என்பது இதன் பொருள்.

அவ்வாண்டு ஒக்டோபர் மாத இறுதியில் அரசாங்கம் பெரும் ஒழிப்பு முயற்சியைத் தொடங்கியது. பதிவு செய்த வேட்டைக்காரர் வாயுத்துப்பாக்கி, சுருக்குக்கயிறு முதலியவற்றால் இகுவானாக்களைக் கொன்று, குறித்த இடத்திற் சேர்த்து, எண்ணுவித்து, தலைக்கு இவ்வளவு என ஊதியம் பெற்றனர். 2020ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை அகற்றப்பட்டன. ஆயினும் வேலை முற்றுப்பெறவில்லை. எஞ்சியவை பருவந்தோறும் முட்டையிடுதலால், ஒழிப்பு வேலையைத் தொடர்ந்து நடாத்த வேண்டியதாயிற்று.

இத்தீவின் அனுபவத்திற் கருத்தூன்ற வேண்டிய பகுதி வேறொன்றுண்டு. அங்கு நீல இகுவானா என்னும் மற்றோர் இனமும் வாழ்கின்றது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. 2002ஆம் ஆண்டிற் காட்டில் எஞ்சியிருந்தவை 25க்கும் குறைவு என மதிக்கப்பட்டது. பின்னர் கூட்டில் வளர்த்துக் காட்டில் விடும் முயற்சியால், 2018ஆம் ஆண்டளவில் ஆயிரமாவது நீல இகுவானா விடுவிக்கப்பட்டது. அதே 2018ஆம் ஆண்டிலேயே பச்சை இகுவானாவைக் கொல்லும் வேலையும் தொடங்கியது. ஒரே தீவில், ஒரே ஆண்டில், ஒரு பல்லியைக் கொல்வதும் மற்றொரு பல்லியைக் காப்பதும் கடமையாயின. முதுகு முள்ளைக் கொண்டு மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கன்னத்துப் பெருஞ்செதிலையும், வாற் பட்டைகளையும், உடலமைப்பையும் அறிந்தவனே பிழையின்றிச் சுடுவான். அறியாதவனுடைய ஒரு சன்னம், பல ஆண்டு உழைப்பின் பயனொன்றைப் போக்கிவிடும்.

6. இலங்கையின் உடும்பும் கபரக்கொய்யாவும்

இலங்கையின் வயல்களிலும் தோட்டங்களிலும் காணப்படும் பெரும் பல்லியினங்கள் இரண்டு. நிலத்தில் வாழும் உடும்பு ஒன்று. நீரோரங்களில் வாழும் கபரக்கொய்யா மற்றையது. இவை இரண்டும் இந்நாட்டுக்கே உரியவை, அந்நியமானவையல்ல. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கின்றது. உணவுக்காக உடும்பைக் கொல்வதும் குற்றமாகும்.

இகுவானாவுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பார்வையில் அறியலாம். உடும்புக்கும் கபரக்கொய்யாவுக்கும் முதுகில் முள் வரிசை இல்லை. கழுத்தில் அகன்ற தொங்கு தோலும் இல்லை. பாம்பினது போன்று பிளவுபட்ட நீண்ட நாவை அடிக்கடி நீட்டி மணமறிந்து செல்வது இவற்றின் இயல்பு. இகுவானாவின் நா தடித்துக் குறுகியது.

உணவிலும் வேறுபாடு பெரிது. இகுவானா இலை தின்பது, உடும்பினம் ஊனுண்பது. வண்டு, நத்தை, நண்டு, எலி, முட்டை, இறந்த பிராணி ஆகியவற்றை இவை உண்கின்றன. கோழிக்கூட்டின் அருகே இவற்றாற் சிறு நட்டம் நேர்வதுண்டு. அதற்குப் பரிகாரம் கூட்டை வலுவாக அடைத்தலேயன்றிக் கொல்லுதலன்று. பயற்றங்கொடியின் தளிரையோ கத்தரிச் செடியின் இலையையோ உடும்பு தின்றதில்லை. வரம்பைத் துளைத்து நீரை வீணாக்கும் எலியையும் நண்டையும் தின்னும் பிராணியை, வரம்பில் நின்றது என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லும் கமக்காரர், தமது காவலாளையே கொன்றவராவர். தோட்டத்து ஓணானும் அத்தகையதே. அது பூச்சிகளைத் தின்று வாழ்வது. சிறுவர் அதனைக் கல்லெறிந்து கொல்வதைத் தடுத்தல் நன்று.

அந்நியப் பிராணி இலங்கைக்குப் புதிதன்று. மரக்கறித் தோட்டங்களை அழிக்கும் ஆபிரிக்கப் பெருநத்தை, 1900ஆம் ஆண்டளவில் மனிதனால் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதே. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது ஒழியவில்லை.

7. அவதானிக்கும் முறை

சேதத்தைக் கண்டவுடன் பக்கத்தில் நிற்கும் பிராணியின் மேற் பழி சுமத்துதல் எளிது. அவ்வாறு செய்யாமல், கமக்காரர் ஒரு சிறிய குறிப்புப் புத்தகம் வைத்துப் பின்வருவனவற்றை எழுதுதல் வேண்டும்:

(1) திகதி, நேரம், காலநிலை.
(2) பிராணி காணப்பட்ட இடம்: வரம்பு, வாய்க்கால், வேலி, மரம் முதலியன.
(3) அது செய்துகொண்டிருந்த செயல்: வெயில் காய்தல், உண்ணுதல், தோண்டுதல்.
(4) வாயிற் கண்ட உணவு.
(5) எச்சத்தின் தன்மை. இலை தின்பதன் எச்சத்தில் நார் காணப்படும். ஊனுண்பதன் எச்சத்தில் எலும்பு, மயிர், நண்டோடு ஆகியவை காணப்படும்.
(6) பயிர்ச் சேதத்தின் வடிவம். எலி நெற்பயிரின் தண்டைச் சரிவாக அரியும். நண்டு இளநாற்றை அடியில் வெட்டும். நத்தை சென்ற இடத்திற் பளபளக்கும் பசைக்கோடு இருக்கும்.
(7) எண்ணிக்கை.

அவதானிப்புக்கு உகந்த வேளை, ஊர்வனவற்றுக்குக் காலை வெயில் ஏறும் நேரமும், எலிக்கும் நத்தைக்கும் இருள் சூழும் நேரமுமாகும். மரநிழலில் அசையாது அரை மணி நேரம் அமர்ந்திருப்பவர், வயல் முழுவதும் ஓடித் திரிபவரிலும் அதிகம் காண்பார். நிறம் மெல்லிய ஆடை அணிதலும், காற்று வீசும் திசைக்கு எதிராக அமர்தலும் நன்று. வளையொன்றைக் கண்டால் அதனை உடனே அடைத்தல் ஆகாது. வாயிலில் மெல்லிய மணலைத் தூவிவிட்டு, மறுநாட் காலையில் அதிற் பதிந்துள்ள தடத்தைப் பார்த்தால், உள்ளே வாழ்வது எதுவென்பது புலனாகும்.

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் தேதி காலை 8.00 மணி முதல் 8.05 மணி வரை, குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை நாடெங்கும் ஒரே வேளையில் எண்ணும் முயற்சி நடைபெற்றது. கமக்காரரும் வீட்டுக்காரரும் தத்தம் காணியில் நின்று எண்ணினர். ஐந்து நிமிட எண்ணிக்கை ஒரு தொடக்கமே. ஆண்டு முழுவதும் எழுதப்படும் குறிப்புப் புத்தகமே எப்பிராணி, எப்பருவத்தில், எப்பயிருக்கு, எவ்வளவு சேதம் விளைக்கின்றது என்பதைத் தெளிவாகக் காட்டும்.

8. கவனிக்க வேண்டியவை

(அ) முன்பு காணாத பல்லியினமோ வேறு பிராணியோ காணப்படின், இடத்தையும் திகதியையும் குறித்து, இயலுமாயின் புகைப்படமும் எடுத்து, அருகிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். ஒன்றிரண்டாக இருக்கும்போதே அகற்றுதல் எளிது.

(ஆ) வளர்ப்புக்காக வாங்கிய அந்நியப் பிராணியை ஒருபோதும் வெளியே விடலாகாது. ஒருவர் இரக்கத்தால் விடும் ஒன்று, ஊராரின் தோட்டங்களுக்குப் பின்னர் பகையாகும்.

(இ) வாயுத்துப்பாக்கியைப் பற்றிய சட்டவிதிகளைப் பொலிசு நிலையத்திற் கேட்டறியாமல் அதனை வாங்கலோ உபயோகித்தலோ தகாது. சிறுவர் கையில் அதனைக் கொடுத்தல் கூடவே கூடாது.

(ஈ) சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட பிராணியாற் சேதம் நேரின், தாமே தண்டியாமல், அதிகாரிகளிடம் முறையிட்டு வேலி, வலை, காவல் முதலிய வழிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

பாடச் சுருக்கம்

பச்சை இகுவானா மனிதனாற் கொண்டுவரப்பட்டு, மனிதனின் அசட்டையாற் பெருகியது. வாயுத்துப்பாக்கி அதன் தொகையைக் குறைத்தது, வேரறுக்கவில்லை. கண்டவுடன் இனங்காணுதல், காலத்தில் அறிவித்தல், அந்நியப் பிராணியை வெளியே விடாமை ஆகிய மூன்றும் துப்பாக்கியிலும் வலிய பாதுகாப்பாகும். புளோரிடாவும் கேமனும் பெரும்பொருள் செலவிட்டுக் கற்ற இப்பாடத்தை, இலங்கைக் கமக்காரர் ஒரு குறிப்புப் புத்தகத்தின் விலையிற் கற்றுக்கொள்ளலாம்.

பயிற்சி வினாக்கள்

1. இகுவானாவையும் உடும்பையும் பிரித்தறிய உதவும் மூன்று அடையாளங்கள் எவை?
2. உங்கள் வரம்பிலுள்ள வளைகளில் வாழ்வன எவை என்பதை எவ்வாறு அறிவீர்?
3. கிராண்ட் கேமன் தீவிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இகுவானாக்கள் கொல்லப்பட்ட பின்னும் வேலை முற்றுப்பெறாதது ஏன்?
4. ஒரு வாரம் நாடோறும் அரை மணி நேரம் உங்கள் வயலை அவதானித்து, கண்ட பிராணிகளைப் பயிருக்கு நன்மை செய்வன, தீமை செய்வன என இரண்டாக வகுத்து எழுதுக.